திறந்து கிடந்த கேட்

ஓடைப் பக்கத்துக் கேட்டைச் சாத்திச் சங்கிலியை மாட்டும்போது ராபாடாவுக்கு உள்ளுக்குள் கொஞ்சம் கர்வமாகத்தான் இருந்தது. மூடுபனியில் பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை. ஆனால் தனக்கு முன்னால் போனவன் யார் என்று அவனுக்குத் தெரியும். ஆரஞ்சுச் சட்டை போட்ட வெலிங்டன்காரன். புத்தம் புதுக் காலணி, முதுகில் தண்ணீர்ப் பை, அதிலிருந்து வாய்க்கு ஒரு குழாய். இத்தனையும் வாங்கியவன் கேட்டை ஆவென்று திறந்து போட்டுவிட்டுப் போயிருக்கிறான்.

"யோவ் ஆரஞ்சு! உங்க ஊர்ல வீட்டுக்குக் கதவே கிடையாதாய்யா?" என்று பனிக்குள் கத்தினான். சங்கிலியை இரண்டு சுற்றுச் சுற்றி இழுத்துப் பார்த்தான். இறைச்சி ஆலையில் பல வருஷமாக இரவு முழுக்கக் குளிர் அறைக் கதவுகளைச் சாத்திப் பழகிய கை. ஒரு சுற்றோடு அதற்கு நிம்மதி வராது.

பிறகு மேட்டைப் பார்த்து ஓடினான்.

இந்தப் பந்தயத்தை வைரோவா ஊரில் எல்லோரும் 'காலின் மலை ஓட்டம்' என்றுதான் சொல்வார்கள். பாதை முழுக்க காலின் பாத்கேட்டின் ஆட்டுப் பண்ணைக்குள் போகிறது. பாதி வழியில், மேட்டின் உச்சியில், ஆட்டு மயிர் கத்தரிக்கும் கொட்டகை. பன்னிரண்டு மணிக்குள் அங்கே வந்து, மறு பாதிக்குக் கிளம்பிவிடாதவன் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். ராபாடா இரண்டு வருஷம் அங்கிருந்து வீட்டுக்குப் போயிருக்கிறான். முதல் வருஷம் முழங்கால். இரண்டாம் வருஷம் வேலை முடிந்த கையோடு வந்து, பாதி ஏற்றத்தில் மூச்சு வாங்கலாம் என்று ஒரு புதரோரம் உட்கார்ந்து, அப்படியே தூங்கிவிட்டான். ஆலையில் அதை இன்னும் சொல்லிச் சிரிக்கிறார்கள். இந்த முறை இரண்டு நாள் விடுப்புப் போட்டு, தூங்கி, தெளிந்து வந்திருந்தான். கொட்டகையைத் தாண்ட வேண்டும். தாண்டிய பிறகு செத்து விழுந்தாலும் பரவாயில்லை. அவனுக்கு வேண்டியது அவ்வளவுதான்.

காலையில் பிக்கப் வண்டியின் பின்தட்டில் ஏறி நின்று காலின் பேசியது நீளமில்லை. "கேட் எப்படி இருந்துச்சோ அப்படியே விட்டுட்டுப் போங்க. மூடியிருந்தா மூடுங்க. திறந்திருந்தா விடுங்க. போன வருஷம் எவனோ மூடாமப் போய், கிடாயெல்லாம் பொட்டை ஆடுகளுக்குள்ள பூந்து, கண்ட மாசத்துல குட்டி போட்டுச்சு. இன்னொரு தடவை கேட்ல கோளாறு வந்துச்சுன்னா இத்தோட சரி. அடுத்த வருஷம் ரோட்ல ஓடிக்குங்க."

அப்போது ராபாடா சத்தமாகவே சொன்னான்: "டவுன்காரங்க காதுல விழுந்துச்சா? அந்த இரும்புக் கம்பி இருக்குல்ல, அதுக்குப் பேர்தான் கேட்டு."

எல்லோரும் சிரித்தார்கள். ஆரஞ்சுச் சட்டைக்காரனும் சிரித்தான்.

கொட்டகைக்கு வந்து சேர்ந்தபோது கிட்டத்தட்ட ஒரு மணி நேரம் மிச்சம் இருந்தது. மேலே பனி இல்லை. நேரம் குறிக்கும் ஜாஸ்லின் மேசைக்குப் பின்னாலிருந்து எழுந்தே விட்டாள். "அட, யார்ரா இது! முழிச்சிக்கிட்டு வந்திருக்கான்!"

"எழுதிக்க ஜாஸ்லின். பேனால எழுது, அழிச்சிராத."

காலின் ஒரு ஓரமாக இரும்புத் தகட்டில் தொத்திறைச்சி வாட்டிக்கொண்டிருந்தார். ராபாடா ஒன்றை ரொட்டியில் மடித்து வாங்கி வாயில் வைத்தான். அதைவிட ருசியான ஒன்றை அவன் தின்றதே இல்லை என்று தோன்றியது. ஆரஞ்சுச் சட்டைக்காரன் பக்கத்தில் நின்று வாழைப்பழம் உரித்துக்கொண்டிருந்தான். அவனை நாலு வார்த்தை கேட்கலாம் என்று ராபாடா வாயைத் துடைத்தான். அதற்குள் அவனே காலினிடம் போனான்.

"சார், கீழ ஓடை கிட்ட ஒரு கேட் திறந்து கிடந்துச்சு. நீங்க சொன்ன மாதிரி அப்படியே விட்டுட்டு வந்துட்டேன். சரிதானே?"

"சரிதான் தம்பி. அது திறந்துதான் இருக்கணும்," என்றார் காலின். "ஒரு வாரக் குட்டிங்க. உங்க கூட்டத்தைப் பார்த்தா மிரண்டு ரெண்டு பக்கமும் சிதறும். திறந்து கிடந்தா தாயும் குட்டியும் தன்னால சேர்ந்துக்கும். மூடிட்டா இது இந்தப் பக்கம், அது அந்தப் பக்கம். ரொம்ப நேரம் பிரிஞ்சு கிடந்தா சில தாய் குட்டியவே சேர்க்காது." தெற்கே வானத்தைப் பார்த்தார். "மத்தியானம் குளிர்காத்து மழையோட வரும் போலிருக்கு. பால் குடிக்காத குட்டி அதுல நிக்காது."

ராபாடாவின் வாயிலிருந்த ரொட்டி உள்ளே போகவும் இல்லை, வெளியே வரவும் இல்லை.

சொல்லிவிடலாம். இரண்டு எட்டு வைத்தால் காலின். ஆனால் 'இத்தோட சரி' என்று அந்த ஆள் சொன்னது காதிலேயே இருந்தது. காலின் சொன்னால் சொன்னதுதான். பந்தயமே போச்சு. எவனால் போச்சு என்று ஊர் கேட்கும். கேட் என்றால் என்னவென்று டவுன்காரனுக்குப் பாடம் எடுத்தானே, அவனால்.

மணியைப் பார்த்தான். விழுந்தடித்து இறங்கி, விழுந்தடித்து ஏறினால், பன்னிரண்டுக்குள் திரும்பிவிடலாம். மயிரிழையில். கெடுவுக்குள் வந்துவிட்டால் அப்படியே மேலே ஓடிவிடலாம். ஒருவருக்கும் தெரியாது.

வந்த வழியே திரும்பினான்.

"டேய்! வழி இந்தப் பக்கம்டா!" என்றாள் ஜாஸ்லின்.

"கையுறைய விட்டுட்டு வந்துட்டேன்."

"கையிலதானடா போட்டிருக்க?"

"இன்னொரு ஜோடி!"

இறக்கத்தில் கால்கள் தாமாக ஓடின. முதலில் எதிரே வந்தது கிஸ்போர்னிலிருந்து வரும் அக்காவும் தங்கையும்.

"என்ன மச்சான், தூக்கத்துல நடக்குறியா?" என்றாள் அக்கா.

"ஓடைக் கேட் எப்படி இருந்துச்சு?"

"மூடியிருந்துச்சு. நாங்களும் கரெக்டா மூடிட்டுத்தான் வந்தோம்."

"ரெண்டு சுத்து சுத்தியிருந்துச்சு," என்றாள் தங்கை பெருமையாக. "நாங்களும் ரெண்டு சுத்து."

அடுத்து ரொட்டிக் கடைக்காரர். மூச்சு வாங்கியபடி கட்டை விரலை உயர்த்திக் காட்டினார். "கவலையே படாத. திருடன் வந்தாலும் திறக்க முடியாது. அப்படிச் சாத்திட்டு வந்திருக்கேன்."

அதற்குப் பின்னும் நாலைந்து பேர். ஒவ்வொருவரும் சட்டத்தை அட்சரம் பிசகாமல் காப்பாற்றியிருந்தார்கள். அவன் மூடியதை அத்தனை பேரும் அவனுக்காகத் திரும்பத் திரும்ப மூடியிருந்தார்கள். கடைசியாக வந்தது உயர்நிலைப் பள்ளி வாத்தியார்.

"நான் கேட்டைத் தொடவே இல்லப்பா, ஏறிக் குதிச்சிட்டேன்."

"ஆடு இருந்துச்சா சார்?"

"ரெண்டு பக்கமும் நின்னு கத்திக்கிட்டு இருந்துச்சு. ஆடுன்னா கத்தும்தானே?"

வாத்தியாருக்குப் பின்னால் யாரும் இல்லை. எல்லோருக்கும் கடைசியாக வரும் ஹூயா அத்தை, வழி காட்டப் பாதையில் கட்டிய இளஞ்சிவப்பு நாடாக்களை அவிழ்த்துக்கொண்டு பின்னாலேயே வந்திருக்க வேண்டும். காணோம்.

மறுபடியும் பனிக்குள் இறங்கினான். கத்தல் கேட்கும் என்று காதைத் தீட்டிக்கொண்டே போனான். ஒன்றும் கேட்கவில்லை. கத்தலைவிட அது மோசமாக இருந்தது. ஆலையில் தினமும் ஆடுகளைத் தொங்கும் உடல்களாகப் பார்க்கிறவன் அவன். அவற்றுக்காக ஒரு நாளும் வருத்தப்பட்டதில்லை. இப்போது விரல் தடிமன் கால்களோடு ஈரத்தில் படுத்துக் கிடக்கும் குட்டிகள்தான் கண்ணுக்குள் நின்றன.

கேட் தெரிந்தது. திறந்து கிடந்தது. மூட்டை கட்டும் ஆரஞ்சுக் கயிற்றால் கம்பத்தோடு இழுத்துக் கட்டியிருந்தது.

கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"அசையாத," என்றது ஒரு குரல், கோபமாக, ரகசியமாக.

ஹூயா அத்தை புல்லில் உட்கார்ந்திருந்தாள். கோட்டுப் பைகளிலிருந்து நாடாக்கள் குடல் மாதிரி வெளியே தொங்கின. அவளுக்கு நாலடி முன்னால் ஒரே ஒரு குட்டி, முதுகைக் கூனிக்கொண்டு நின்றது.

"மத்ததெல்லாம்?" என்றான்.

"சேர்ந்துருச்சு. திறந்ததும் எல்லாம் ஓடிப் போய் அதது அம்மாகிட்ட ஒட்டிக்கிச்சு. இது ஒண்ணுதான் பாக்கி. அம்மாக்காரி அதோ நிக்கிறா. வரலாமா வேண்டாமான்னு பார்க்கிறா. நீ வேற எருமை மாதிரி இறங்கி வர்ற."

பனியில் ஒரு தாய் ஆட்டின் முகம் மட்டும் தெரிந்தது. முன்காலால் தரையைத் தட்டியது.

ராபாடா கைக்கடிகாரத்தைப் பார்த்தான். இந்த நொடியில் திரும்பினால் முடியும். அடுத்த நொடியிலும் முடியலாம். ஆனால் கல் சரியும் அந்தப் பாதையில் ஒரு கால் வைத்தால் தாய் ஓடிவிடும். பெரிய முடிவெல்லாம் எடுத்ததாக அவனுக்குத் தெரியவில்லை. கால் நகரவில்லை, அவ்வளவுதான். வியர்வை முதுகில் குளிர்ந்தது. மூக்கு ஒழுகியது. துடைக்கவில்லை.

தாய் ஓர் அடி வந்தது. நின்றது. இன்னும் ஓர் அடி. குட்டி ஈனக்குரலில் ஒரு சத்தம் போட்டது. தாய் வந்து அதன் பின்பக்கத்தை முகர்ந்தது. ரொம்ப நேரம் முகர்ந்தது. முட்டித் தள்ளப்போகிறது என்று நினைத்தான். குட்டி மடிக்கடியில் முட்டிப் புகுந்தது. தாய் அப்படியே நின்றது. குட்டியின் வால் படபடவென்று ஆடத் தொடங்கியது.

"அப்பாடா," என்று அத்தை புல்லில் மல்லாந்தாள்.

ராபாடா கம்பத்தில் நெற்றியை முட்டிக்கொண்டு, வாயால் பெரிதாக மூச்சு விட்டான். காலையிலிருந்து விடாத மூச்சு மாதிரி இருந்தது.

"எவனோ டவுன் பய மூடிட்டுப் போயிருக்கான்," என்றாள் அத்தை வானத்தைப் பார்த்தபடி.

"ம்."

"ஆனா டவுன்காரன் ரெண்டு சுத்து சுத்த மாட்டானே."

ராபாடா குனிந்து காலணிக் கயிற்றை இறுக்கினான்.

"என் வீட்டுப் பின்கதவை நீ சாத்திட்டுப் போனா, அதைத் திறக்க எனக்கு அரை நாள் ஆகுது. கைய குடு. தூக்கிவிடு."

மேலே போய்ச் சேர்ந்தபோது பன்னிரண்டு எப்போதோ தாண்டியிருந்தது. ஜாஸ்லின் அவன் பேருக்கு மேல் கோடு இழுத்துவிட்டு, பேனாவை ஆட்டிக் காட்டினாள். "நீதான பேனால எழுதச் சொன்ன! கையுறை கிடைச்சுதா?"

"கிடைச்சுது."

நேரே காலினிடம் போனான். அத்தை சொல்வதற்கு முன்னால் தானே சொல்லிவிடுவது நல்லது. "ஓடைக் கேட்டை நான்தான் மூடிட்டேன். அத்தை திறந்துட்டாங்க. எல்லாம் சேர்ந்துருச்சு. பந்தயத்தை நிறுத்திராதீங்க. வையணும்னா என்னை மட்டும் வைங்க."

காலின் கரண்டியைக் கீழே வைத்தார். "இதுக்கா இறங்கிப் போன? ஓடியா?"

"ஆமா."

"அங்க பாரு. என்ன நிக்குது?"

கொட்டகைச் சுவரோரம் நாலு சக்கர பைக் நின்றது. சாவியும் அதிலேயே இருந்தது.

"சொல்லியிருந்தா நானே போய்த் திறந்துட்டு, வாட்டின இறைச்சி கருகறதுக்குள்ள வந்திருப்பேனேடா மடையா!" அவருடைய தோள் குலுங்கியது. சிரிக்கிறார் என்று புரியவே ராபாடாவுக்குக் கொஞ்ச நேரம் ஆனது. "மூடினவனை எப்படிய்யா வையறது? என் பொண்டாட்டியே வாரம் ஒரு தடவை தப்பான கேட்டை மூடுறா. திறந்து போட்டுட்டுப் போறவனைத்தான் நான் உதைப்பேன்."

"அப்போ அடுத்த வருஷம்?"

"வா. முழிச்சிக்கிட்டு வா."

ராபாடா இன்னொரு தொத்திறைச்சி எடுத்துக்கொண்டான். கொட்டகைக்கு அப்பால், பந்தயத்தின் மறு பாதி, செங்குத்தாக மேகத்துக்குள் ஏறிப் போயிற்று. ரொட்டிக் கடைக்காரர் அதில் நாலு காலில் ஊர்வது தெரிந்தது. அதைப் பார்க்கப் பார்க்க மனசு லேசாகிக்கொண்டே வந்தது. அங்கே போக வேண்டியதில்லை. மழையின் முதல் துளிகள் தகரக் கூரையில் விழுந்தன. ஓடையோரம் அந்தக் குட்டி இந்நேரம் வயிறு நிறைந்து தாயை ஒட்டிப் படுத்திருக்கும்.

சாயங்காலம் காலினே அவனைத் தன் வண்டியில் கீழே கொண்டுபோனார். முதல் கேட்டில் வண்டி நின்றது. பக்கத்து இருக்கைக்காரன்தான் இறங்க வேண்டும். ராபாடா நொண்டிக்கொண்டே இறங்கித் திறந்தான். வண்டி தாண்டிப் போய் நின்றது. அவன் கேட்டைப் பிடித்தபடி நின்றான்.

"மூடவா?" என்று கத்தினான்.

கண்ணாடி இறங்கியது. "வரும்போது எப்படி இருந்துச்சு?"

"மூடியிருந்துச்சு."

"அப்புறம் என்னடா கேள்வி? மழை நனைக்குது, ஏறு!"

சாத்தினான். சங்கிலியை ஒரு சுற்று மாட்டிவிட்டு வண்டியை நோக்கி நடந்தான். பாதி வழியில் நின்றான். திரும்பிப் போய் இழுத்துப் பார்த்தான். சரியாகத்தான் இருந்தது.