மௌனத்தின் நடுவில் எழுந்தவர்

அந்தச் சலவைத் தொழிற்சாலையில் எந்தப் பெரிய முடிவும் பதினைந்து நிமிட மௌனத்துக்குப் பிறகுதான். பொறுப்பிலிருக்கும் ஆறு பேரும் வட்டமாக உட்கார்ந்து கண்ணை மூட வேண்டும். செருப்பும் செல்போனும் வெளியே. கதவுக்கு உள்தாழ்ப்பாள். மணி அடிக்கும்வரை யாரும் எழக்கூடாது. அதன்பிறகு அவரவர் மனசில் பட்டதைச் சொல்ல, முதலாளியம்மா முடிவெடுப்பார்.

கேலி செய்தவர்கள் உண்டு. கணக்கர் உட்கார்ந்த சூட்டோடு குறட்டை விடுவார் என்பது எல்லோருக்கும் தெரிந்த ரகசியம். ஆனால் பராமரிப்பு மேஸ்திரி கேலி செய்ததே இல்லை. இரண்டு வருடத்துக்கு முன் வேலைநிறுத்தத்தில் ஆளாளுக்குக் கையை ஓங்கிக்கொண்டு நின்றபோது, "முதல்ல கொஞ்ச நேரம் சும்மா உக்காருவோம்" என்று அந்த அம்மா சொன்னதால்தான் கூச்சல் அடங்கிப் பேச்சு தொடங்கியது. அதைக் கண்ணால் பார்த்தவர் அவர்.

அன்று காலை வட்டத்தின் நடுவில் வைத்த காகிதத்தில் ஒரே கேள்வி இருந்தது: பாய்லரை இன்றே நிறுத்துவதா, வெள்ளிக்கிழமைவரை ஓட்டுவதா? கொண்டுவந்தவர் மேஸ்திரிதான். பாய்லரில் தண்ணீர் குறைந்தால் பம்பைப் போட்டு, அதற்கும் கீழே போனால் நெருப்பைத் தானாக அணைக்கவேண்டிய மிதவை சிக்கிச் சிக்கி வேலை செய்துகொண்டிருந்தது. கழற்றிச் சுத்தம் செய்ய ஒரு முழு நாள் வேண்டும். வெளியே மூன்று ஆஸ்பத்திரிகளின் படுக்கை விரிப்புகள் மலையாகக் குவிந்து கிடந்தன.

"போன மாசமும் இதைத்தானே சொன்னீங்க?" என்றார் முதலாளியம்மா, குரலை உயர்த்தாமல். "தப்பா எடுத்துக்காதீங்க. உங்களுக்குள்ள பயம் பேசுது. அது அடங்கினப்புறம் என்ன தோணுதுன்னு பாருங்க."

மணி அடித்தது. கண்களை மூடினார்கள்.

மேஸ்திரி மூச்சைக் கவனிக்கப் பார்த்தார். காது சொன்னபடி கேட்டால்தானே! அது சுவரைத் தாண்டி, முற்றத்தைத் தாண்டிப் பாய்லர் அறைக்குப் போய்விட்டது. நெருப்பு ஒரே சீராக இரைந்தது. இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை தண்ணீர் பம்ப் உறுமிவிட்டு நிற்கும். இருபது வருடமாகக் கேட்டுப் பழகிய சத்தம்.

பம்ப் உறுமவில்லை.

எண்ணியதில் தப்பிருக்கும் என்று மறுபடி எண்ணினார். கணக்கரின் குறட்டை தொடங்கியது. அதைத் தாண்டிக் காதைத் தீட்டிக்கொண்டார். நெருப்பு எரிகிறது, தண்ணீர் போகவில்லை. அங்கே நிற்பது அவருடைய மச்சினன். மனைவிக்கு ஒரே தம்பி. வேலையில் சேர்த்துவிட்டதே இவர்தான்.

'பயம் பேசுது.' அந்த வார்த்தை தோளைப் பிடித்து அமுக்கியது. போன மாதம் இப்படித்தான் பாதியில் எழுந்து ஓடினார். அங்கே ஒன்றுமில்லை. திரும்பி வந்தபோது யாரும் திட்டவில்லை, எல்லோரும் பாவமாகப் பார்த்தார்கள். அதற்குத் திட்டியிருந்தாலே தேவலை.

கண்ணைத் திறந்து சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். ஒன்பது நிமிடம் ஓடியிருந்தது.

நாற்காலி தரையில் கிறீச்சிட எழுந்தார். முதலாளியம்மா கண் திறந்து, உட்காருங்கள் என்று கையால் காட்டினார். மேஸ்திரி தாழ்ப்பாளை இழுத்துத் திறந்துகொண்டு வெறுங்காலோடு ஓடினார்.

பாய்லர் அறையில் பெயின்ட் கருகும் நாற்றம். மச்சினன் தண்ணீர் மட்டம் காட்டும் கண்ணாடிக் குழாய் முன்னால் குழம்பிப்போய் நின்றான். ஒரு கை பம்ப் சுவிட்சுக்குப் போயிருந்தது.

"மாமா, கண்ணாடியில பாதி தண்ணி நிக்குதேன்னு இருந்தேன். இப்பதான் அதோட அடிக்குழாயைத் திறந்துவிட்டுப் பாத்தேன், வெளிய போன தண்ணி திரும்ப ஏறவே இல்ல. அடைச்சுக்கிட்டுப் பொய் காட்டியிருக்கு. பம்பைக் கையால போட்டுடறேன்..."

"தொடாதடா! கையை எடு!"

கல்யாணமான நாளிலிருந்து அவனை 'டா' போட்டதில்லை அவர். அவன் கை அப்படியே நின்றது. வறண்டு பழுத்த இரும்பில் பச்சைத் தண்ணீர் பட்டால் கண்மூடித் திறப்பதற்குள் மொத்தமும் ஆவி. பாய்லரும் மிஞ்சாது, கட்டடமும் மிஞ்சாது. மேஸ்திரி சிவப்புப் பொத்தானை அடித்து நெருப்பை அணைத்தார். எண்ணெய் வால்வைத் திருகி மூடினார். அபாயமணியை அழுத்தினார்.

"இஸ்திரி போடறவங்களை எல்லாம் வெளிய கூட்டிட்டுப் போ. ஓடு!"

நாற்பது பேர் தெருவுக்கு அந்தப் பக்கம் நின்று கட்டடத்தையே பார்த்தார்கள். உள்ளே சூடான இரும்பு அவ்வப்போது டிக், டிக் என்றது. ஒவ்வொரு சத்தத்துக்கும் கூட்டம் ஒரு அடி பின்வாங்கியது. ஒரு மணி நேரம் கழித்து அதுவும் ஓய்ந்தது.

முதலாளியம்மா வெறுங்காலோடு அவரிடம் வந்தார். "எப்ப தெரிஞ்சுது?"

"நாலாவது நிமிஷம் சந்தேகம் வந்துச்சும்மா. ஒன்பதாவது நிமிஷம்தான் எழுந்தேன்."

"நடுவுல அஞ்சு நிமிஷம்?"

"நீங்க சொன்னதை நம்பி உக்காந்திருந்தேன்."

அந்த அம்மாவின் முகம் செத்துப்போயிற்று. அதைப் பார்க்க மேஸ்திரிக்கே தாங்கவில்லை. "அந்த ரூம் அவ்வளவு அமைதியா இல்லன்னா எனக்குக் கேட்டிருக்கவே கேட்டிருக்காதும்மா. அதையும் சொல்லணும்ல?"

"வேண்டாம். ஆறுதலுக்குச் சொல்லாதீங்க," என்றார் முதலாளியம்மா. "இனிமே பாய்லர், கரன்ட், ஆளோட உயிர், இதெல்லாம் அந்தக் காகிதத்துல கேள்வியா வராது. நீங்க நிறுத்துன்னா நிறுத்தறதுதான். என்கிட்டகூட கேக்க வேண்டாம்."

மறுநாள் சோதிக்க வந்த இன்ஸ்பெக்டர் வளைந்துபோன குழாய்களைத் தடவிப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார். பதினோரு நாள் வேலை நின்றது. விரிப்புகளெல்லாம் போட்டிக் கம்பெனிக்குப் போயின. மௌனம் மட்டும் தொடர்ந்தது, தாழ்ப்பாள் இல்லாமல்.

பாய்லர் நின்ற அன்று சாயங்காலம் மச்சினன் அக்கா வீட்டுக்குச் சாப்பிட வந்தான். நடந்ததைக் கை காலெல்லாம் ஆட்டிச் சொன்னான். "மாமா மட்டும் உடனே ஓடி வரலன்னா என் கதை முடிஞ்சிருக்கும்க்கா."

மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டு புருஷன் தட்டில் இன்னும் இரண்டு கரண்டி சோறு வைத்தாள். அவர் சோற்றில் கை வைக்கவில்லை.

"உடனே வரல," என்றார். "தெரிஞ்சும் அஞ்சு நிமிஷம் உக்காந்திருந்தேன்."

கரண்டி பாதியில் நின்றது. மனைவி அவரைப் பார்த்தாள், தம்பியைப் பார்த்தாள். பிறகு மச்சினன்தான் தண்ணீர்ச் சொம்பை அவர் பக்கம் நகர்த்தி வைத்தான்.

"வந்தீங்கல்ல மாமா? சாப்பிடுங்க."