அண்ணன் கழுவிய பெட்டி

வேலை முடிந்து வீட்டுக்குள் நுழைந்தபோது அண்ணன் கூடத்தில் நின்றிருந்தான். அதுவே எனக்குப் பெரிய விஷயம். எங்கள் வீட்டுக்கு வந்த நாளிலிருந்து பின்னறையில் திரைச்சீலையை இழுத்துவிட்டுப் படுத்தே கிடந்தவன், சட்டைக் கையை மடித்துவிட்டு, ஈரத்துணியோடு என் மீன்தொட்டிக்குப் பக்கத்தில் நின்று சிரித்தான்.

"பின்னாடி ஒரு டப்பா தொங்குதுல்ல, உள்ள ஒரே பாசி. அள்ளிக் குப்பையில போட்டுட்டு, குழாய்த் தண்ணில நல்லா அலசி மாட்டிட்டேன். சோப்பு போடல, மீனுக்கு ஆகாதுல்ல."

பெட்டி பளபளத்தது. வாசலுக்குப் போய்க் குப்பைக்கூடையைத் திறந்து பார்த்தேன், காலி. குப்பை வண்டி வந்து போயிருந்தது.

என்னுடையது கடல்நீர்த் தொட்டி, பவளம் வளர்ப்பது. அதன் பின்விளிம்பில் தொங்கும் அந்தப் பெட்டிக்குக் கடைக்காரர் சொன்ன பெயர் ரெஃப்யூஜியம். என் கணவர் வைத்த பெயர் சின்ன வீடு. பெரிய தொட்டியில் விளக்கணைந்த பிறகுதான் அங்கே விளக்கு எரியும் என்பதால் பெயர் பொருந்தித் தொலைத்தது. ஒரு குட்டி மோட்டார் தொட்டி நீரை அதற்குள் ஏற்றும். நிரம்பியதும் நீர் திரும்பத் தொட்டிக்குள் வழியும். உள்ளே, சிக்கல் விழுந்த நூல்கண்டு மாதிரி பச்சைப் பாசி. நீரின் கழிவைத் தின்று அது வளரும். பாசிக்குள் கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் பூச்சிகள் மீன் தொந்தரவில்லாமல் பெருகும். வழிகிற நீரோடு சில பூச்சிகள் தொட்டிக்குள் வந்து விழும். மாப்பிள்ளைக்கு அதுதான் சாப்பாடு.

மாப்பிள்ளை என்பது என் மாண்டரின் மீன். விரல் நீளம்தான். நீலப் பட்டில் ஆரஞ்சு வரிகள் நெளியும் உடம்பு. முறுக்குக்கும் குறைச்சலில்லை. கடையில் விற்கும் எந்த இரையையும் ஏறெடுத்துப் பார்க்காது, உயிருள்ள பூச்சிதான் வேண்டும். பாறை இடுக்குகளில் இருந்தவற்றை எப்போதோ மேய்ந்து தீர்த்திருந்தது. கடல் பூச்சிமேல் குழாய்த் தண்ணீர் பட்டால் அவ்வளவுதான்.

அண்ணன் பேருந்து ஓட்டுநர். தன் வண்டியைத் தானே கழுவித் துடைக்காமல் சாவியைத் தொடமாட்டான். ஒரு மழை நாளில் குறுக்கே மோட்டார் சைக்கிள் ஒன்று வந்துவிட்டது. இவன்மேல் தப்பில்லை என்று விசாரித்தவர்களே சொல்லிவிட்டார்கள். விழுந்த ஆள் பிழைத்து எழுந்து நடமாட ஆரம்பித்துவிட்டார். இவன்தான் எழுந்திருக்கவில்லை. அந்தக் கை இன்றைக்குத்தான் தானாக ஒரு துணியைத் தேடி எடுத்திருக்கிறது. நான் என்ன சொல்ல?

"சூப்பரா இருக்குண்ணே," என்றேன்.

சமையலறையில் கணவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "மச்சான்கிட்ட மூச்சு விடாத. மீன் போனா வேற வாங்கிக்கலாம்."

அவர் சொன்னது நியாயம்தான். ஆனாலும் சுருக்கென்றது.

மறுநாள் கடைக்காரரிடம் கெஞ்சி ஒரு பிடி பாசி வாங்கிவந்து பெட்டியில் போட்டேன். ஒட்டிக்கொண்டு வந்த நாலைந்து பூச்சிகள் பெருக வாரக்கணக்காகும் என்றார். மாப்பிள்ளையோ வெறும் பாறையைக் கொத்திக்கொண்டிருந்தது. நாளாக ஆக அதன் வயிறு உள்ளே ஒட்டியது. அண்ணன் தினமும் எழுந்து குளித்தான், கூடத்தில் உட்கார்ந்து தேநீர் குடித்தான், என் கணவரோடு அரசியல்கூடப் பேசினான். ஒன்று தேறத் தேற இன்னொன்று தேய்வதை நான் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

ஒரு விடுமுறை நாள் காலை அவன் பெட்டியைக் கழற்றப் போனான். "மறுபடியும் பாசி புடிச்சிருச்சு பாரு. இரு, அலசிடறேன்."

"தொடாதண்ணே."

கத்திவிட்டேன். பிறகு மறைக்க ஒன்றுமில்லை. பாசி எதற்கு, பூச்சி எதற்கு, மீன் ஏன் இளைக்கிறது என்று எல்லாவற்றையும் சொன்னேன். அவன் கை பெட்டியின் மேலேயே இருந்தது.

"அன்னிக்கே உனக்குத் தெரியுமா?"

"ம்."

"சூப்பரா இருக்குன்னு சொன்ன."

அவன் என் பக்கம் திரும்பினான்.

"எல்லாரும் எங்கிட்ட இப்படித்தான் பேசறீங்க. டிப்போல, வீட்ல, எல்லா எடத்துலயும். உன் தப்பில்ல, உன் தப்பில்லன்னு. அப்ப வண்டிய ஓட்டுனது யாரு?"

அவனைத் தட்டிக்கொடுத்துத் தட்டிக்கொடுத்து நாங்கள்தான் அந்த அறைக்குள்ளேயே வைத்திருந்தோமோ என்று தோன்றியது.

"நீ செஞ்சதுதாண்ணே," என்றேன். "உன்னாலதான் பூச்சியெல்லாம் செத்துச்சு. மீன் பட்டினி கெடக்கு."

அவன் மெல்லத் தலையாட்டினான். பின்னறைக் கதவு சாத்தப்படும் சத்தத்துக்காகக் காத்திருந்தேன். அவன் பெட்டியிலிருந்து கையை எடுத்துவிட்டுத் தொட்டிக்கு முன்னால் வந்து மண்டியிட்டான். வந்த நாளிலிருந்து அவன் அந்த மீனை நேராகப் பார்த்தது அப்போதுதான்.

"இன்னும் தேடுதே," என்றான்.

மாப்பிள்ளை பாறையை ஒரு கொத்து கொத்தி, நின்று, அடுத்த இடத்தைக் கொத்தியது. அப்படியே பாறையின் மறுபக்கம் போய் மறைந்தது. அண்ணன் முழங்காலாலேயே நகர்ந்து அந்தப் பக்கம் போனான்.