இருபத்து மூன்றாம் எண் வீட்டு நடை

திருமங்கலம் தாண்டி, நெடுஞ்சாலையை ஒட்டி ஒரு நூற்பாலை தன் தொழிலாளர்களுக்காக மாதிரிக் கிராமம் ஒன்றைக் கட்டியிருந்தது. அறுபத்து நான்கு வீடுகள். அத்தனையும் ஜாய்ஸ் வரைந்தவை. ஆட்கள் குடியேறி ஒரு வருடமாகிவிட்டது. அடுத்த கட்ட வீடுகளுக்கு வரைபடம் போடுமுன், இருக்கிறவற்றில் என்ன குறை என்று கேட்டு வரும்படி அவளை அனுப்பியிருந்தார் அவளுடைய முதலாளி, ஆர்க்கிடெக்ட் இம்மானுவேல்.

காலையிலிருந்து ஒரே மாதிரி பதில்கள்தான். சுவர் ஓதம், கொசு, துணி காயப்போட இடமில்லை. எல்லாவற்றையும் எழுதிக்கொண்டே இருபத்து மூன்றாம் எண்ணுக்கு வந்தாள். கதவைத் திறந்த ஒச்சாயிக்கு நாற்பது வயதிருக்கும். அவளுக்குப் பின்னால் பாத்திரங்கள் சாக்கில் கட்டிக் கிடந்தன.

"காலி பண்றீங்களாக்கா?"

"வேலை பாக்குறவுகளுக்குத்தான மேடம் வீடு. அவரு போயிட்டாருல்ல. மாசக் கடைசிக்குள்ள சாவியக் குடுக்கணும்."

அவள் கணவன் பாண்டிராஜ் ஆலையில் ஃபிட்டர். மூன்று வாரத்துக்கு முன் ஷிப்டில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவன் எழுந்திருக்கவில்லை.

"வீட்டுல ஏதும் குறை இருந்துச்சாக்கா?" கேட்ட பிறகுதான், கேட்டிருக்க வேண்டாம் என்று பட்டது.

ஒச்சாயி யோசித்தாள். "நல்ல வீடுதான். காத்து வரும். இந்த நடையத்தான் ஏன் இப்படி வளைச்சாகன்னு தெரியல."

வாசலிலிருந்து நான்கடி நேராக வந்து சட்டென்று இடப்பக்கம் திரும்பும் நடை. தெருவில் போகிறவன் கண்ணுக்கு வீட்டின் உள்ளே தெரியக்கூடாது என்று ஜாய்ஸ் பார்த்துப் பார்த்து வைத்த திருப்பம்.

"ரோட்டுலேருந்து உள்ள தெரியக்கூடாதுன்னுதான்க்கா."

"அதுஞ்சரிதான். அவரக் கொண்டாந்தப்ப ஐஸ் பெட்டி இதுல திரும்பல. நாலு பேரு எம்புட்டோ பாத்தாக. பெட்டிய நிமித்தி உள்ள கொண்டுபோவோம்னாக. நான்தான் வேணாம்னுட்டேன். ஆறு மணி நேரம் ரோட்டுலயே வச்சிருந்து எடுத்தோம். வீட்டுக்குள்ள ஒரு வாட்டி வந்துட்டுப் போகல."

குழாயில் தண்ணீர் வரவில்லை என்பதைப் போலத்தான் சொன்னாள். ஜாய்ஸ் டேப்பை எடுத்து நடையை அளந்தாள். மூன்றடி அகலம். அளக்காமலே தெரிந்த கணக்குதான். தனக்கு அழுகை வரும் என்று எதிர்பார்த்தாள்; வரவில்லை.

"இத வரைஞ்சது நான்தான்க்கா."

ஒச்சாயி ஒரு சாக்கை அவிழ்த்து டம்ளர் ஒன்றை எடுத்தாள். "டீ போடவா? அடுப்ப இன்னும் கட்டல."

நின்றபடியே குடித்தாள் ஜாய்ஸ். சூடு தெரியவில்லை.

மறுநாள் கோச்சடை அலுவலகத்தில் புதிய வரைபடத்தைப் பார்த்த இம்மானுவேல், "அந்தத் திருப்பம் நல்லாத்தானம்மா இருந்துச்சு. ஏன் எடுத்துட்ட?" என்றார்.

"ஐஸ் பெட்டி திரும்பல சார்."

அவர் பேனா மூடியைக் கழற்றி மாட்டினார். "உள்ள தெரியுமே?"

"திரை போட்டுக்கிருவாங்க."

அதற்குமேல் கேட்காமல் கையெழுத்துப் போட்டார்.

மாசக் கடைசியில் ஆலையிலிருந்து போன் வந்தது. ஒச்சாயி உசிலம்பட்டிப் பக்கம் அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டாளாம். இருபத்து மூன்றில் வேறு குடும்பம் வந்தாயிற்றாம். குறை கேட்ட பட்டியலில் அந்த வீட்டுக்கு நேராகப் பெயரை மாற்றச் சொன்னார்கள். ஜாய்ஸ் மாற்றினாள். பிறகு புது வீடுகளின் கழிவுநீர்க் குழாய் எந்தப் பக்கமாகப் போகும் என்று வரைய உட்கார்ந்தாள்.