எந்தப் பக்கம்

வேலைக்கு வருகிறாயா இல்லையா என்று சொல்ல கம்பெனி சின்னவளுக்குக் கொடுத்த அவகாசம் நாற்பத்தெட்டு மணி நேரம். அதில் முப்பத்தொரு மணி நேரம் வீட்டில் யாரும் அவளுக்கு முகம் கொடுத்துப் பேசவில்லை.

மின்கம்பத்தில் லைன் வேலை. கம்பெனி வண்டியையும் ஓட்ட வேண்டும். இருந்தது ஒரே இடம், அதற்கு அண்ணனும் தங்கையும் போயிருந்தார்கள். பட்டியலில் சின்னவள் முதலாவது, பெரியவன் இரண்டாவது. அவள் வேண்டாம் என்றால் இடம் அவனுக்கு. அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் வீடு காத்துக் கிடந்தது.

"வண்டி ஓட்டக் கத்துக் கொடுத்தவன் வயித்துலயே அடிச்சுட்டா," என்று அம்மா பாத்திரங்களிடம் சொன்னாள்.

அப்பா செய்தித்தாளை இறக்காமலே, "பொண்ணு வீட்டுக்கு நான் என்ன பதில் சொல்றது? மாப்பிள்ளைக்கு நிரந்தர வேலைன்னு சொல்லி வச்சிருக்கேன்," என்றார்.

"பட்டியல் வர்றதுக்கு முன்னாடியேவாப்பா?"

"வாயைப் பாரு இவளுக்கு," என்றாள் அம்மா, இப்போதும் பாத்திரங்களிடம்தான்.

பெரியவன் கெட்டவனாக இருந்திருந்தால் அவளுக்குப் பாதி பாரம் குறைந்திருக்கும். மூன்று வருடமாகச் சரக்கு லாரி ஓட்டுகிறவன். கிளட்சை விடத் தெரியாமல் அவள் லாரியைக் குதிரையாக்கியபோதெல்லாம் சிரித்துக்கொண்டே சொல்லிக் கொடுத்தவன். ஓட்டும் தேர்வில், கூடை வைத்த தூக்கு வண்டியை அவன் பின்னால் எடுத்த அழகைப் பார்த்து மேற்பார்வையாளரே விசிலடித்தார். வண்ணப் புள்ளிகளுக்குள் எண் தேடும் கண் சோதனைக்கு முந்தின வாரம் குளியலறைக்குள் எதையோ எண் எண்ணாக மனப்பாடம் செய்துகொண்டிருந்தான். "என்னடா, லாட்டரியா?" என்று அம்மா கதவைத் தட்டினாள்.

கடைசித் தேர்வு கம்பத்தில். ஒரே கம்பத்தின் இரண்டு பக்கமும் கம்பிகள். மின்சாரம் ஓடும் கம்பியில் சிவப்பு நாடா, நிறுத்திய கம்பியில் பச்சை நாடா. கூடையில் ஏறிப் போய், நிறுத்தியதை மட்டும் தொட வேண்டும். பயிற்சித் திடலில் இரண்டிலுமே மின்சாரம் கிடையாது. தவறிப்போனால் மதிப்பெண் போகும், அவ்வளவுதான்.

சின்னவள் முதலில் போய்வந்தாள். அடுத்தது அவன் முறை. கையுறையை மாட்டிக்கொண்டே, வேறெங்கோ பார்த்தபடி கேட்டான்.

"எந்தப் பக்கம் தொட்டே?"

"இடது பக்கம்."

சொன்ன பிறகுதான் நிமிர்ந்து பார்த்தாள். கீழே நின்றாலே நாடாக்கள் பளிச்சென்று தெரிந்தன. பள்ளிக்கூட நாட்களில் வரைபடத்துக்கு வண்ணம் தீட்ட அவன் அவளைத்தான் கூப்பிடுவான். இத்தனை வருடமாக அதைச் சோம்பேறித்தனம் என்று நினைத்திருந்தாள்.

அவன் மேலே போனான். இடது பக்கம் தொட்டான். தேறினான்.

விட்டுக்கொடுக்காததற்குக் காரணம் சொன்னால் பெண் வீடு கைவிட்டுப் போகும். லாரி வேலையும் கேள்விக்குள்ளாகும். சொல்லாமல் விட்டுக்கொடுத்தால் அவன் உயிரே போகலாம். அதனால் இரண்டையும் செய்யாமல், அவகாசத்தின் இரண்டாம் நாள் மாலை மேற்பார்வையாளருக்குப் போன் செய்து, "வர்றேன் சார்," என்று மட்டும் சொன்னாள். தன்னை எல்லோரும் சபிப்பதோடு விஷயம் முடிந்துவிடும் என்று நம்பினாள்.

"நல்லதும்மா. வீட்ல எல்லாரும் இருக்காங்களா? ஸ்பீக்கர்ல போடு."

போட்டாள்.

"இங்க இன்னொரு ஆள் இன்னிக்குக் காலையில விலகிட்டான். அதனால உங்க அண்ணனையும் எடுத்துக்கறோம். முதல் மாசம் ரெண்டு பேரும் ஒரே வண்டி, அப்புறம் தனித்தனி. சரிதானே?"

அம்மா ஈரக்கையோடு ஓடிவந்து சின்னவளின் கன்னத்தைத் தடவினாள். "என் கண்ணு," என்றாள். பாத்திரங்களோடு பேச்சு முடிந்துவிட்டது. அப்பா பெண் வீட்டு எண்ணைத் தன் போனில் தேட ஆரம்பித்தார்.

பெரியவன் மட்டும் சிரிக்கவில்லை. அவள் பக்கத்தில் வந்து நின்று, போனுக்குக் கேட்காத குரலில் சொன்னான். "நீ எந்தப் பக்கம்னு மட்டும் சொல்லிடு. மத்ததை நான் பாத்துக்கறேன்."

"ஒரு மாசம் சொல்லுவேன். அப்புறம்?"

"அந்த வண்டியிலயும் ஒரு ஆள் இருப்பான்ல. அவன் தொடுறதைப் பாத்துக்கறேன்."

"அவன் உனக்கு முன்னாடி தொடலைன்னா?"

அவன் அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டான்.

"லைன்ல இருக்கியாம்மா?"

"சந்தோஷத்துல பேச்சு வரலைங்க அவளுக்கு," என்று அம்மா போனை நோக்கிக் குனிந்தாள். "பேசுடி. சார் காத்துக்கிட்டிருக்காருல்ல."

சின்னவள் கையை விடுவித்துக்கொண்டாள்.

"சார், எங்க அண்ணனுக்குச் சிவப்பும் பச்சையும் ஒண்ணாத்தான் தெரியும்."