நடு நான்கு கட்டங்கள்

சாமிநாதன் தலைவராக இருக்கும் சங்கத்தில் எதை அச்சடித்தாலும் அவர் படம் இருக்கும். பொங்கல் பேனர், இரத்ததான அட்டை, தண்ணீர்ப் போத்தல், ஒன்றும் தப்பாது. ஆகவே மலாக்காவின் புக்கிட் காத்தில் ஊரில் நடக்கவிருந்த சதுரங்கப் போட்டிக்கு நாற்பது பலகைகள் அச்சாகி வந்தபோது, நடு நான்கு கட்டங்களிலும் அவர் சிரித்துக்கொண்டிருந்ததில் செயலாளர் சேகரனுக்கு ஆச்சரியம் ஒன்றுமில்லை. நடுவைப் பிடித்தவனுக்கே பலம் என்று தலைவர் எங்கோ கேட்டிருக்கிறார்; பிடித்துவிட்டார்.

"எப்படி இருக்கு சேகர்?"

"பளபளன்னு இருக்கு தலைவரே."

அதில் பொய்யில்லை. பலகையைப் பார்த்தால் கூரையிலிருந்த டியூப் லைட் தெரிந்தது.

சேகரன் பள்ளி வேன் ஓட்டுகிறவர். லூபோக் சீனா பக்கத்துத் தோட்டத்துப் பிள்ளைகள் ரேட்டிங் வாங்க இதுவரை கோலாலம்பூருக்குத்தான் பஸ் ஏற வேண்டும். ஜெயித்தால் ஏறும், தோற்றால் இறங்கும் அந்த எண் இல்லாத ஆட்டக்காரனை எந்தப் போட்டியும் மதிப்பதில்லை. அதை இங்கேயே கொடுக்கும் போட்டி ஒன்றுக்காக அவர் மூன்று வருஷம் கடிதம் எழுதினார். இப்போது அனுமதி வந்திருந்தது, ஒரு நிபந்தனையோடு. சனிக்கிழமை காலை தலைமை நடுவர் வந்து சாமான்களைப் பார்ப்பார். சரியில்லையென்றால் ரேட்டிங் கிடையாது. கைதட்டிவிட்டு மீகூன் சாப்பிட்டுப் போகலாம்.

அன்று செவ்வாய். சேகரன் யோசிக்காமல் தேவமலருக்குப் போன் போட்டார்.

தேவமலர் பத்து பெரண்டாம் வட்டாரத் தொழிற்சாலை ஒன்றில் கியூ.சி. பதினாறு வருஷமாக லென்ஸ் வழியே பார்த்துச் சரியில்லாததை ஒதுக்கும் வேலை. சதுரங்கமும் ஆடுவாள். சாயங்காலம் சீருடையோடு நேரே மண்டபத்துக்கு வந்தாள். தலைவருக்கு வணக்கம் சொன்னாள், அவர் வாங்கி வைத்திருந்த தங்கம், வெள்ளி நிறக் காய்களில் ஒரு ராஜாவை எடுத்து உள்ளங்கையில் வைத்து எடை பார்த்தாள்.

"அண்ணே, ஃபேன மூணுல வைங்க."

சேகரன் வைத்தார். ராஜா குப்புற விழுந்தார்.

"காத்துக்கே செக்மேட்டாவுறாரு," என்றாள். பிறகு சிப்பாய்களை எடுத்து ஒரே கட்டத்தில் அடுக்கினாள். "ஒரு கட்டத்துல நாலு சிப்பாய் அடங்கணும். இங்க ரெண்டு நின்னாலே மூணாவது உங்க மூக்கு மேல ஏறுது தலைவரே."

"ஏம்மா, சட்டமன்ற ஒய்.பி. வர்ற நிகழ்ச்சி. அவரு முதல் காய நகத்துவாரு, பேப்பர்ல படம் வரும். மத்த போட்டி மாதிரி பிளாஸ்டிக்க வெச்சு மானத்த வாங்கச் சொல்றியா?"

இந்த இடத்தில் மற்றவர்களாக இருந்தால் விதிப் புத்தகத்தை விரித்திருப்பார்கள். சங்கத்தில் விதிப் புத்தகம் விரித்த யாரும் அடுத்த வருஷம் செயற்குழுவில் இருந்ததில்லை. தேவமலர் சொன்னாள்:

"நான் ஒண்ணும் சொல்லலை லா. நீங்களே ஒரு ஆட்டம் ஆடிப் பாருங்க. அஞ்சு நிமிஷந்தான். தொட்ட காய நகத்தணும், அவ்வளவுதான்."

எதிரில் உட்கார்ந்தவர் பொருளாளர் வீரப்பன். பத்து வருஷத்தில் தலைவரை அவர் ஒரு கருத்தில்கூட ஜெயித்ததில்லை. ஆட்டம் தொடங்கியது. தங்கமும் வெள்ளியும் விளக்கொளியில் ஒன்றுபோல மின்னின. ராணிக்கும் பிஷப்புக்கும் ஒரே தச்சன் ஒரே கிரீடத்தை வைத்திருந்தான். மூன்றாவது நிமிஷம் தலைவர் பிஷப் என்று நினைத்து ராணியைத் தூக்கினார்.

"தொட்டுட்டீங்க தலைவரே," என்றாள் தேவமலர், மெதுவாக.

ராணி நகர்ந்தாள், போனாள். இன்னும் நாலு நகர்த்தல்.

"மன்னிச்சிருங்க தலைவரே," என்றார் வீரப்பன், வியர்த்துப்போய். "மேட்டு போல இருக்கு."

தலைவர் பலகையில் தன் நான்கு முகங்களையும் வெகுநேரம் பார்த்தார். நான்கும் இன்னும் சிரித்துக்கொண்டுதான் இருந்தன.

"அப்ப எதத்தான் வாங்குறது?"

அவள் பையைத் திறந்தாள். எந்த அலங்காரமும் இல்லாத பிளாஸ்டிக் காய்கள், அடியில் கனம் வைத்தவை, ராஜா மூணேமுக்கால் அங்குலம். வெளிர்மஞ்சளும் பச்சையுமாக, பளபளக்காத, சுருட்டக்கூடிய பலகை, ஓரத்தில் எழுத்தும் எண்ணும். ஒவ்வொரு நகர்த்தலுக்கும் முப்பது விநாடி தானே கூட்டிக்கொள்ளும் கடிகாரம். அழுத்திக் காட்டினாள், பக்கத்திலிருந்த சேகரனுக்கே சத்தம் கேட்கவில்லை. தான் ஆடுவதற்காகப் போன வருஷம் மூன்று கடைகள் ஏறி இறங்கி, ஏழு மாதிரிகளை ஒதுக்கி, எட்டாவதாக வாங்கியது அது என்பது பிறகுதான் தெரிந்தது.

"என் படம்?" என்றார் தலைவர். சின்னக் குரல்.

"பலகைய சுருட்டி வைக்கிற பையில போடலாம். மலாக்கா முழுக்க உங்களத் தோள்ல தூக்கிட்டுப் போவாங்க."

தலைவர் முகம் தெளிந்தது. இந்த ஒரு வாக்கியத்துக்காகவே அவளைத் தூதரகத்தில் வைக்கலாம் என்று சேகரன் நினைத்தார்.

தஞ்சோங் கிளிங்கில் பேனர் கடை வைத்திருக்கும் மீரா சாஹிப் பலகைகளைப் படமில்லாமல் மறுபடி அச்சடிக்க ஒப்புக்கொண்டார். "மொத தடவையே கேட்டேன் சேகரு, உங்க தலைவர் மூஞ்சி மேல குதிர நிக்கலாமான்னு. போலே போலே, நிக்கலாம்னாரு."

வெள்ளிக்கிழமை மத்தியானம் கோலாலம்பூர் பஸ்ஸில் காய்களும் கடிகாரங்களும் வந்து இறங்கின. தேவமலர் லீவு போட்டு வந்திருந்தாள். நாற்பது செட், ஆயிரத்து இருநூற்று எண்பது காய், ஒவ்வொன்றையும் கவிழ்த்துப் பார்த்தாள். மூன்றில் அடித்துணி கிளம்பியிருந்தது. உபரிப் பெட்டியிலிருந்து மாற்றினாள். சேகரன் உதவுகிறேன் என்று உட்கார்ந்து இருபது காய் பார்ப்பதற்குள் கண் பூத்தது.

சனிக்கிழமை காலை எட்டரைக்குத் தலைமை நடுவர் அகல்யா வந்தார். புன்னகைக்கிற ஆள் இல்லை. ஒரு பலகையை விளக்குக்கு நேரே சாய்த்துப் பார்த்தார். ராஜாவை ஆட்டிவிட்டார், அது தள்ளாடி நிமிர்ந்து நின்றது. கடிகாரங்களில் ஆறை அங்கங்கே அழுத்தினார். எண்பது ஆட்டக்காரர்களும் லூபோக் சீனாப் பெற்றோரும் வாசலில் கழுத்தை நீட்டி நின்றார்கள். சேகரனுக்கு வேனின் பிரேக் பிடிக்காதது போலிருந்தது.

"இதையெல்லாம் யார் தேர்ந்தெடுத்தது?"

தலைவரின் கை பழக்கத்தில் தன் நெஞ்சுக்குப் போனது. அங்கே ஒரு கணம் நின்றது. பிறகு, சங்க வரலாற்றில் முதன்முறையாக, தன்னைவிட்டு வேறு பக்கம் நீண்டது.

"அந்தம்மா."

அந்தம்மாவைக் காணோம். எல்லோரும் தேடினார்கள். இருபத்து மூன்றாம் மேசைக்கு அடியிலிருந்து குரல் வந்தது:

"ஒரு நிமிஷம் மேடம், கையெழுத்துப் போட்டுறாதீங்க. இந்த மேச ஆடுது."

நடுவர் பேனாவை மூடாமல் காத்திருந்தார். தேவமலர் அட்டையை நாலாக மடித்துக் காலுக்கடியில் செருகி, எழுந்து, மேசையை ஒருமுறை அழுத்திப் பார்த்துத் தலையாட்டினாள்.

அதற்குப் பிறகுதான் அகல்யா கையெழுத்துப் போட்டார்.