பிறந்தநாள் காணிக்கை

பூங்கனியின் மகன் பிபினுக்கு 2006 அக்டோபரில் பதினெட்டு வயது ஆகவேண்டியது, ஆகவில்லை. அடுத்த வருடமும் ஆகவில்லை. 2014 வரை அவன் பதினேழிலேயே இருந்தான். சிதறால் மலைக்குக் கீழே இருக்கும் அந்த ஊரில் அதற்குள் இரண்டு போதகர்கள் மாறிப்போனார்கள், ரப்பர் ஷீட் விலை உச்சிக்கு ஏறித் திரும்ப இறங்கியது, ரேஷன் அரிசி இலவசமானது. பையன் மட்டும் மேலுதட்டில் பூனை முடியோடு அப்படியே நின்றான். ஊர்க்காரர்கள் முதல் இரண்டு வருடம் அதைப் பேசினார்கள், பிறகு விட்டுவிட்டார்கள். சில பலாமரம் காய்க்காது, அது போல என்றார்கள்.

காரணம் பூங்கனிக்குத் தெரியும். அவளுடைய கணவன் ஞானையன் கிணறு வெட்டப் போன இடத்தில் மண் சரிந்து செத்தான். பிபினும் அவனுக்கு மூன்று வயது இளைய ஷைஜாவும் அவள் தலையில் விழுந்தார்கள். அண்டி ஆபீஸில் முந்திரிக்கொட்டை உடைக்கப் போனாள். கொட்டையின் பால் பட்டு விரல்கள் வெந்து, ஒரு வருடத்தில் சோறு பிசையக்கூட முடியாமல் போனது. பிறகு மேட்டு வீட்டில் முற்றம் பெருக்கி, அவர்கள் ஊற்றிய பழங்கஞ்சியைத் தூக்குப்பாத்திரத்தில் கொண்டுவந்தாள். அந்த நிலையில்தான் 2004-ல் ஆதரவற்ற விதவைக்கான உதவித்தொகை வந்தது. மாதம் இருநூறு ரூபாய். இருநூறில் என்ன ஆகும் என்று சம்பளக்காரர்கள் கேட்பார்கள். ஆனது. தபால்காரர் சுயம்புலிங்கம் வாசலில் சைக்கிளை நிறுத்திய மாதம் முதல் கடைக்காரர் கடன் கொடுத்தார். அதுவரை ‘ஏட்டி’ என்றவர் ‘பூங்கனி அக்கா’ என்றார். மரச்சீனிக் கிழங்கோடு சாளை மீன் கறி சேர்ந்தது. ஷைஜாவின் செருப்புக்கு இரண்டு பக்கமும் வார் இருந்தது. மேட்டு வீட்டின் பின்வாசலில் போய் நிற்கவேண்டிய காலைகள் இல்லாமல் போயின, அவளுக்கு அதுதான் பெரிது.

2006 செப்டம்பரில் கிராம ஆபீஸின் தலையாரி தாசையன் வழியில் நிறுத்திக் கேட்டார். “பூங்கனியே, மூத்தவனுக்கு வாற மாசம் பதினெட்டு ஆவுமில்லா?”

“ஆவும்.”

“ஆம்பளப்பிள்ள தலையெடுத்தாச்சுன்னா பிறவு நீ ஆதரவத்தவ இல்ல, கேட்டியா? பைசா நிக்கும். நான் எழுதிக் குடுக்கணும்.”

தாசையன் கெட்ட மனிதரில்லை. சட்டத்தைச் சொன்னார். பதினெட்டு முடிந்த மறுநாள் காலையில் மகன் குடும்பத்தைத் தோளில் தூக்கிக்கொள்வான் என்று எங்கேயோ யாரோ நம்பியிருக்கிறார்கள்; அவர்களுக்கு நல்ல பிள்ளைகள் வாய்த்திருக்கவேண்டும்.

அந்த ஊர்க் கிறிஸ்தவச் சபையில் ஒரு வழக்கம் உண்டு. பிறந்தநாள் வருகிற வாரத்தின் ஞாயிற்றுக்கிழமை, ஆராதனையின் நடுவே எழுந்து முன்னால் போய், பீடத்தருகே காணிக்கை வைக்கவேண்டும். சபை பாடும், போதகர் ஜெபிப்பார், அதன்பிறகுதான் வயது கூடியதாகக் கணக்கு. அந்த அக்டோபர் ஞாயிற்றுக்கிழமை பிபின் அம்மாவின் பெஞ்சு ஓரத்தில் உட்கார்ந்திருந்தான். ஆண்கள் வலப்பக்கம், பெண்கள் இடப்பக்கம், தகப்பன் இல்லாத பையன்கள் ஆளாகும்வரை அம்மா பக்கம். எதிர்ப்பக்கத்தில் தாசையன் இருந்தார். பிபின் காணிக்கைக் கவரோடு எழுந்தபோது பூங்கனி அவன் மணிக்கட்டைப் பிடித்து உட்காரவைத்தாள். “இந்த வருசம் போவாண்டாம் மக்கா.” ஆண்டவரே, இந்த ஒரு வருடம் மட்டும் என்று மனசுக்குள் கேட்டாள். கேட்டது கிடைத்தது. கேட்டது கிடைப்பதைப் போல ஆபத்து வேறில்லை. மறுவாரம் தாசையன் பள்ளிச் சான்றிதழைப் புரட்டிப் பார்த்தார், பதினேழுதான் கணக்கு வந்தது. விரல் விட்டு எண்ணினார், அப்போதும் பதினேழு. மூடிவைத்துவிட்டுப் போய்விட்டார்.

அடுத்த வருடம் ஷைஜாவுக்குப் பத்தாம் வகுப்புப் பரீட்சை, ஆகவே மணிக்கட்டைப் பிடித்தாள். பிறகு பிளஸ் டூ. பிறகு நர்சிங். பிறகு கல்யாணம். எல்லாம் முடிந்தபோது உதவித்தொகை ஆயிரமாகியிருந்தது, விடுவது இன்னும் கஷ்டமானது. ஒவ்வொரு அக்டோபரிலும் அடுத்த வருடம் கண்டிப்பாக என்று சொல்லிக்கொண்டாள். பொய் சொன்னாள் என்று சொல்லமுடியாது. சொல்லும் நேரத்தில் நம்பித்தான் சொன்னாள்.

பிபினுக்கு என்ன ஆனது என்பதை ஊரார் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கொத்தனாரோடு சிமென்ட் சுமந்தான், மேஸ்திரி பையன்களுக்கான கூலிதான் கொடுத்தார், பாதி. கூடப் படித்த லிஜின் துபாய்க்குப் போய் மீசையோடு வந்து வீட்டுக்கு மாடி எடுத்தான். பிபினுக்கு விசா ஏற்பாடு செய்தால் வயது போதாது என்று திரும்பிவந்தது. ஷைஜா அவனை அண்ணன் என்று கூப்பிட்டவள், வயதில் அவனைத் தாண்டிப் போன பிறகு ‘லேய் பிபினே’ என்றாள். ஒரே பஸ்ஸில் போய்வந்த ஜிஷா அவனுக்காக இரண்டு வருடம் பொறுத்தாள், பிறகு கொட்டாரம் ஊரில் ஒரு கடைக்காரருக்கு வாழ்க்கைப்பட்டாள். சபைத் திருநாளுக்குப் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தாள். பிள்ளை பிபினைப் பார்த்து அண்ணா என்றது. ஜிஷா திருத்தவில்லை. அன்றைக்கு அவன் மலைமேல் ஏறிப் போய்ப் பாறையில் படுத்துவிட்டான், இருட்டும் முன் பூங்கனிதான் போய்க் கூட்டிவந்தாள்.

2014-ல் ஒரு சனிக்கிழமை மதியம், ரேஷன் கடையிலிருந்து வந்த பூங்கனி அடுக்களைக் கதவைத் தள்ளியதும் அரிசிச் சாக்கைப் போட்டுவிட்டாள். பிபினின் கையில் ஞானையனின் பழைய சவரக்கத்தி, கழுத்தோடு சேர்ந்து இருந்தது. தாடையில் ரத்தம்.

“எனக்க மோனே!”

“ஷேவ் செய்யுதேம்மா,” என்றான். எல்லாச் சனிக்கிழமையும் செய்கிறானாம். சிரைக்க ஒன்றும் இல்லாத கன்னத்தில் வருடக்கணக்கில் கத்தி போட்டு, தோல் தேய்ந்து தழும்பாகியிருந்தது. அவள் இத்தனை நாள் அதை முகப்பரு என்று நினைத்திருந்தாள். பிபின் கத்தியைக் கழுவித் துடைத்து அப்பாவின் பெட்டியிலேயே வைத்தான். பிறகு, சாவியைக் கேட்பதுபோல அமைதியாகக் கேட்டான்.

“அம்மா, எனக்க பொறந்தநாள எங்க வச்சிருக்கிய?”

பெற்ற பிள்ளையை அடகு வைத்துக் கஞ்சி குடித்தவள் நான்தான் என்று அன்றைக்குப் பூங்கனிக்கு நன்றாகத் தெரிந்தது. அழுதாள். அழுகை அவளுக்கே வெட்கமாக இருந்தது.

அக்டோபர் ஞாயிற்றுக்கிழமை, அந்த மாதம் வந்த ஆயிரத்தையும் அப்படியே கவரில் போட்டு மகன் கையில் கொடுத்தாள். “போ மக்கா.” பிபின் எழுந்தான். இரண்டாவது ஜன்னலைத் தாண்டும்போது சட்டையின் மேல் பொத்தான் தெறித்தது. நடுவழியில் தோள் அகன்று தையல் விட்டது. பீடத்தின் படியில் கால் வைத்தபோது தாடி வந்திருந்தது, கைலாகு கொடுத்த போதகரைவிட ஒரு விரற்கடை உயரம். சபை வழக்கமான பாட்டை வழக்கமான ராகத்தில் பாடியது. வராமல் நின்ற வருடங்களெல்லாம் சேர்ந்து வந்தன, ஆனால் வெறுங்கையோடு வந்தன: ஒரு வேலையில்லை, ஒரு பெண்ணில்லை, நினைத்துச் சிரிக்க ஒரு கூத்துகூட இல்லை. திரும்பி வந்தவனுக்கு இடம்விடப் பூங்கனி சேலையை ஒதுக்கிக்கொண்டாள். அவன் வலப்பக்கம் போனான். ஆண்கள் ஒன்றும் கேட்காமல் நகர்ந்து உட்கார்ந்தார்கள். தாசையன் தன் பாட்டுப் புத்தகத்தை அவனுக்கும் சேர்த்து விரித்துப் பிடித்தார். பாட்டு முடிந்ததும் போதகர் அந்த வாரத்துக் கல்யாண அறிவிப்புகளை வாசித்தார்.

அடுத்த மாதம் சுயம்புலிங்கம் மணியடிக்காமல் சைக்கிளில் கடந்துபோனார். ஊரில் இதைப் பற்றி அதிகம் பேச்சில்லை. அந்த வருடம் ரப்பர் விலை அடிமட்டத்தில் கிடந்ததால் பேச அது இருந்தது. ஞானையனை உரித்துவைத்திருக்கிறான் என்று மட்டும் இரண்டு பேர் சொன்னார்கள். மேஸ்திரி முழுக் கூலி கொடுத்தார். முதல் சனிக்கிழமை பிபின் பணத்தை அரிசிப் பானையின் மூடிமேல் வைத்தான். பூங்கனி சாளை வாங்கிக் கறிவைத்து, கிழங்கை அவித்துப் பரிமாறினாள்.

“இன்னும் ரெண்டு துண்டு வைக்கட்டா மக்கா?”

பிபின் தாடையைத் தடவிக்கொண்டான். தாடிக்கு அடியில் தழும்பு அப்படியேதான் இருந்தது. “இனி மக்கான்னு விளிக்காண்டாம்மா,” என்றான். கோபமில்லை, களைப்புதான். “கேக்கும்போ அந்தப் பெஞ்சுல இருக்க மாதிரி இருக்கு.”

மறுநாளிலிருந்து பூங்கனி அவனைப் பிபின் என்றே கூப்பிட்டாள்.