குழாயில் நின்ற பேச்சு

பிள்ளையார்பாளையத்தில் புதிதாகப் போட்ட பாதாளச் சாக்கடைக் குழாயில் ஒரு பேச்சு சிக்கிக்கொண்டது. அதனால் சித்திரையில் கிடைத்திருக்க வேண்டிய வீட்டு இணைப்பு அந்தத் தெருவுக்கு ஐப்பசி வரை கிடைக்கவில்லை. அந்த வருஷம் பட்டுநூல் விலை இரண்டு தடவை ஏறியது, மழை வழக்கம்போலப் பெய்தது, வேறு விசேஷம் ஒன்றும் இல்லை.

பேச்சு குமரகுருவுடையது. மூன்று தறி வைத்திருப்பவர், நாலு பேர் கூடினால் நடுவில் நிற்பவர். தெரு அவர் வீட்டு முன்னால்தான் வளைகிறது. குழாய் வளைகிற இடத்தில் மேன்ஹோல் கட்டியே ஆக வேண்டும் என்பது விதி. வரைபடத்திலும் அவர் வாசலுக்கு நேராகத்தான் வட்டம் போட்டிருந்தது. முகூர்த்தப் புடவை எடுக்க வருகிறவர்கள் சாக்கடை மூடியைத் தாண்டியா உள்ளே வருவார்கள்? குமரகுருவுக்கு மனசு ஒப்பவில்லை. மேஸ்திரியைக் கூப்பிட்டு உட்காரவைத்து, காபி கொடுத்து, கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கப்பா என்றார். அவனும் வளைவோடு சேர்த்துத் தள்ளிப் போட்டான். தள்ளிய இடம் தெருமுனை, அன்னம்மாள் வாசல். அவள் அங்கே காலையில் இட்லிக் கடை போடுபவள். அவள் சனங்கள் ஒரு காலத்தில் அடுத்தவர் வயலில் கூலிக்குப் போனவர்கள் என்பதும், இட்லி நன்றாக இருக்கும் என்பதும் தெருவுக்குத் தெரியும். அதற்கு மேல் தெரிந்துகொள்ள யாரும் மெனக்கெடவில்லை.

மேன்ஹோலுக்குப் பள்ளம் தோண்டிய சாயங்காலம் அன்னம்மாள் நேராக அவரிடம் வந்தாள். “அடுப்புக்கு எதுத்தாப்ல மூடிய வெச்சா எவன் வந்து துன்னுவான், முதலியாரே? உங்க வாசல்ல வரவேண்டியதாமே?” என்று கேட்டாள். குமரகுரு பள்ளத்தின் விளிம்பில் நின்றுகொண்டிருந்தார். “இருக்கட்டும் அன்னம்மா. உங்களுக்கு இதெல்லாம் பழக்கம்தானே” என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. தண்ணி குடிச்சிட்டுப் போ என்பதைப் போலச் சாதாரணமாகச் சொன்னார், அதுதான் கேடு. ஆயுசு முழுக்கத் தறிச் சத்தத்துக்கு மேலே பேசிப் பழகிய தொண்டை வேறு. நெசவுக்காரர் மெதுவாகப் பேசுவதாக நினைத்துக்கொள்வார், முக்குக்கடை வரைக்கும் கேட்கும். அன்னம்மாள் அவர் முகத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனாள். வேலை முடிந்ததும் குழாயின் திறந்த வாயை அடைத்துவிட்டுத்தான் போக வேண்டும் என்று இன்னொரு விதி உண்டு. எலி போகும், மண் போகும் என்று நினைத்து எழுதிய விதி. அன்றைக்கு வாயை அடைக்க மேஸ்திரி மறந்துபோனான். பேச்சு உள்ளே போய்விட்டது.

சோதனைக்கு வந்தவள் சங்கரி, புதிதாக மாற்றலாகி வந்த இன்ஜினியர் பெண். தண்ணீர் நிரப்பிப் பார்த்தாள், ஒழுகவில்லை. மேல் மேன்ஹோலில் ஒரு பந்தைப் போட்டாள். கீழ் மேன்ஹோலில் அது வந்து விழ வேண்டும், வரவில்லை. ஒரு முனையில் விளக்கைக் காட்டி மறுமுனையில் கண்ணாடி பிடித்தாள். வெளிச்சம் முழு வட்டமாகத் தெரிய வேண்டும், பாதிதான் தெரிந்தது. கேமராவை உள்ளே அனுப்பினார்கள். குமரகுரு வீட்டுக்கு நேராகப் பந்து நின்றுகொண்டிருந்தது, அதற்கு முன்னால் வெறும் காற்றுதான். அழுத்தமாகத் தண்ணீர் பீய்ச்சினார்கள். அப்போதுதான் அன்னம்மாள் வாசல் மேன்ஹோலிலிருந்து கணீரென்று வந்தது: உங்களுக்கு இதெல்லாம் பழக்கம்தானே.

ஐயோ, அந்த நிமிஷம் குமரகுருவுக்கு உடம்பு கூசிப்போனது. கூட்டத்தில் நின்றவர் மெல்லப் பின்வாங்கி வீட்டுக்குள் போய்த் தறிக்குழியில் காலை விட்டு உட்கார்ந்துகொண்டார். கை ஊடுநூல் ஓட்டும் நாடாவைத் தொடவில்லை. குரல் யாருடையது என்று தெருவில் எல்லாருக்கும் தெரிந்தது, ஒருத்தரும் வாயைத் திறக்கவில்லை. சொன்னால், நீ அப்படிச் சொன்னதே கிடையாதா என்று அடுத்த கேள்வி வருமே. சங்கரி மட்டும், குழாயில் எது நின்றாலும் அடைப்புதான், அடைப்பு இருக்கிற குழாய்க்குக் கையெழுத்துப் போட மாட்டேன் என்று சொல்லிவிட்டாள். இணைப்பு நின்றது. வீட்டு செப்டிக் டேங்குகள் நிறைந்து வழிந்தன, ஆடி போனது, ஆவணி போனது. தினம் காலையில் அன்னம்மாள் இட்லித் தட்டைத் திறக்கும்போது மேன்ஹோலும் ஒருதரம் பேசும். அவள் மூடிமேல் ஈரச் சாக்கைப் போட்டுவிட்டு வியாபாரத்தைப் பார்த்தாள். யார் குரல் என்று கேட்டவர்களுக்கு, “தெர்ல” என்றாள். அவள் காட்டிக்கொடுக்காதது குமரகுருவுக்கு இன்னும் அவமானமாக இருந்தது. அந்தப் பக்கம் போவதையே விட்டு, சுற்றுவழியாகக் கோயிலுக்குப் போனார்.

யாரோ அதை செல்போனில் பிடித்து அனுப்ப, ஓரிக்கையில் கட்டிக்கொடுத்த மகள் சங்கீதாவுக்கும் போய்ச் சேர்ந்தது. தலைப்பிரசவம், வளைகாப்பு முடிந்து தாய்வீட்டுக்கு வர வேண்டியவள். அவள் அம்மா மஹாலட்சுமி முருங்கைக்கீரை வரைக்கும் வாங்கி வைத்திருந்தாள். போன் வந்தது. “அப்பா, அது உன் குரல்பா. எனக்குத் தெரியாதா? அத எடுக்கிற வரைக்கும் நான் அங்க வரமாட்டேன். எம் புள்ள காதுல முதல்ல அதுவா விழணும்?” ஆட்டோ பிடித்தால் எட்டிவிடுகிற தூரம், மகள் வரமாட்டேன் என்கிறாள். மஹாலட்சுமி கீரையை ஆய்ந்துகொண்டே சொன்னாள்: “அன்னிக்கி எனக்கும் உள்ள கேட்டுது. நானும் சும்மாதான இருந்தேன்.” சொல்லிவிட்டு அழுதாள்.

மறுநாள் காலையில், கடையில் கூட்டம் நிற்கும் நேரமாகப் பார்த்து, குமரகுரு தெருமுனைக்குப் போனார். சங்கரியும் வந்திருந்தாள். அன்னம்மாள் கரண்டியைக் கீழே வைக்கவில்லை.

“அம்மா, அன்னிக்கி நான் சொன்னது...” என்று ஆரம்பித்தார். அவளை அம்மா என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

“எது? பழக்கமா?” என்றாள் அன்னம்மாள். “எங்கப்பன் கோலி சோடா போட்டவன். எம் புருஷன் லாரி ஓட்டனாரு. எம் புள்ள கமல் செல்போன் ரிப்பேர் பாத்துக்கினு இருக்கான். இதுல எந்தப் பழக்கத்த நீ பாத்த? சரி, சாக்கட அள்ற வேலயே செஞ்சிருந்தாலும்? பீ நாத்தம் எவனுக்குப்பா பழக்கமாவும்?”

இட்லி தின்றவர்கள் தட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.  குமரகுரு மன்னிக்கச் சொல்லி வாயெடுத்தார். “எங்கிட்ட ஏன் கேக்கிற? உள்ள இருக்குது, நீயே கூப்புட்டு எடுத்துக்கினு போ” என்றாள்.

கமல் கம்பியால் மூடியை நெம்பித் திறந்தான். குமரகுரு ரோட்டில் மண்டியிட்டுத் தலையை உள்ளே விடப் போனார். சங்கரி தடுத்தாள். மேன்ஹோலுக்குள் ஆள் இறங்கக் கூடாது சார், தலையும் ஆள்தான், வெளியே இருந்தே கூப்பிடுங்கள் என்றாள். அவர் விளிம்பில் வாயை வைத்து, தெரு முழுக்கக் கேட்கிற அந்தத் தறித் தொண்டையால் சொன்னார்: “உங்களுக்கு இதெல்லாம் பழக்கம்தானேன்னு சொன்னவன் நான்தான். குமரகுரு. எங்கிட்டயே வந்துடு.” குழாய்க்குள் எதுவோ உருண்டது. சில்லென்று, சிமென்ட் வாடையோடு அது அவர் வாய்க்குள் வந்து நிறைந்தது. துப்பிவிடலாம் என்றுதான் தோன்றியது. துப்பினால் மறுபடி அவள் வாசலில்தானே விழும் என்று கண்ணை மூடிக்கொண்டு விழுங்கினார். பின்னாலேயே பந்து வந்து விழுந்தது. கண்ணாடியில் விளக்கு முழு வட்டமாகத் தெரிந்தது.

வரைபடத்தில் இருக்கிற இடத்திலேயே கட்டுங்கள் என்று அவரே சங்கரியிடம் எழுதிக் கொடுத்தார். தெருவை மறுபடி தோண்டினார்கள். மேன்ஹோல் அவர் வாசலுக்கு வந்தது, மறுபடி சோதித்தார்கள், தேறியது. ஐப்பசியில் எல்லா வீட்டுக்கும் இணைப்பு கிடைத்தது. முகூர்த்தப் புடவை எடுக்க வருகிறவர்கள் மூடியை மிதித்துக்கொண்டு உள்ளே வருகிறார்கள், யாரும் வராமல் இல்லை. அன்னம்மாள் மன்னித்தாளா என்றால், தெரியாது. மஹாலட்சுமி போனால் இட்லி கட்டிக் கொடுக்கிறாள், சட்னி அதிகம் வைப்பதில்லை.

சங்கீதா வந்தாள், கார்த்திகையில் பெண் குழந்தை பிறந்தது. விழுங்கிய பேச்சு மட்டும் குமரகுருவுக்குச் செரிக்கவில்லை. தறியில் உட்கார்ந்து மிதியை அழுத்தும்போதெல்லாம் வயிற்றுக்குள்ளிருந்து அது பேசுகிறது. மாத்திரை, கஷாயம் எல்லாம் பார்த்தாயிற்று. அந்தப் பேச்சு காதில் விழக் கூடாதென்று எந்தக் குழந்தைக்காக சங்கீதா பயந்தாளோ, அது அந்தச் சத்தத்திலேயே தூங்குகிறது. போன தை மாசம் சேலத்திலிருந்து கல்யாணப் புடவை எடுக்க வந்த ஒரு அம்மாள், சேலையைப் பிரித்துப் பார்த்துக்கொண்டிருந்தவள், திடுக்கிட்டுத் திரும்பி, யாரது உள்ளே பேசுவது என்று கேட்டாள். குமரகுரு தலையைக் குனிந்துகொண்டார். மஹாலட்சுமி முந்தானையை இன்னும் கொஞ்சம் விரித்துக் காட்டியபடி சொன்னாள்:

“அதுவா? நீங்க புடவையப் பாருங்கம்மா. எங்களுக்கு இதெல்லாம் பழக்கம்தானே.”